பிள்ளையின் எடையை நிறுத்தி, உயரத்தை வளரவிடுவது எப்படி?

வசதியான வீட்டுப் பிள்ளைதான் குண்டாகும் என்ற எண்ணம் டெல்டாவில் இன்னும் போகவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி, நாகப்பட்டினம் ஊர்களின் நெருக்கமான சந்துகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் நிலவரம் வேறு. இரத்தச்சோகை உள்ள அம்மா, வயதுக்கேற்ற உயரம் இல்லாத தம்பி, எடை கூடிய அக்கா என்று மூன்று பேரும் ஒரே அறையில் படுத்திருப்பார்கள். மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே சமையலறைதான். அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரையும் மலிவு. காய், மீன், பழம்தான் பெரும்பாலும் கைக்கு எட்டாத விலை. தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் தொங்குகிறது. விளையாட இடம் இல்லை. அம்மா ஜவுளிக்கடை வேலை முடிந்து வர இரவு எட்டரை ஆகிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையுடனோ உடற்பருமனுடனோ இருந்தார்கள். பெரியவர்கள் சாப்பிடுவதைத்தான் பிள்ளையும் சாப்பிடுகிறது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட கணக்கின்படி, உலகத்தில் 5 முதல் 19 வயதுக்குள் எடை குறைந்தவர்கள் 9.2 விழுக்காடு, உடற்பருமன் உள்ளவர்கள் 9.4 விழுக்காடு. பருமன் முந்திக்கொண்டது இதுவே முதல் தடவை.

இங்கே சொல்லும் வழி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை இளைக்க வைக்கும் வழியென்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை ஏறுவதை நிறுத்திவிட்டு, உயரம் அதைத் தாண்டி வளரக் காத்திருப்பதுதான் வேலை. வீட்டில் இப்போது செலவாகும் பணத்தைவிட அதிகம் ஆகாது.

முதலில் சரியாக அளப்பது

"பார்த்தாலே தெரியுதே" என்பது இரண்டு பக்கமும் தப்பாகிறது. எலும்பு அகலமான பிள்ளையைக் குண்டு என்பார்கள். கைகால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வந்த பிள்ளையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நம் நாட்டுக் குழந்தைகள் பலர் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவே இருக்கிறது என்பதைப் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் ஆய்வுகள் காட்டின. ஆகவே ஒல்லியாகத் தெரியும் பிள்ளைக்கும் வயிற்றைச் சேர்த்து அளக்க வேண்டும்.

எடைக்கு அங்கன்வாடி, பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், எதிலுள்ள டிஜிட்டல் தராசும் போதும். தராசைத் தட்டையான சிமெண்ட் தரையில் வையுங்கள். பாயின் மேலோ மேடுபள்ளமான தரையிலோ வைத்தால் ஒரு கிலோ வரை ஆடும். தராசின் மேல் சந்தேகம் இருந்தால் பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையை வைத்துப் பாருங்கள். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, பள்ளிச் சீருடை மட்டும் போட்டு, காலணி இல்லாமல் நிற்க வேண்டும். எப்போதும் அதே தராசில், அதே நேரத்தில் அளந்தால்தான் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிட முடியும்.

உயரத்தில்தான் அதிகம் தவறுகிறோம். தையல்காரர் டேப் நாளாக ஆக இழுபடும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பே நல்லது. சுவரின் அடியில் டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டிருந்தால் குதிகால் சுவரில் படாது. அது இல்லாத சுவரையோ கதவு நிலையையோ தேர்ந்தெடுங்கள். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் பட வேண்டும். பார்வை நேராக இருக்கட்டும், முகவாய் தூக்கக் கூடாது. கொண்டையையும் உச்சியில் கட்டிய ரிப்பனையும் அவிழ்த்துவிடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் ஓரத்தைச் சுவரில் அழுத்தி, தலைமேல் இறக்கி, அதன் அடியில் பென்சில் கோடு போடுங்கள். பிள்ளை நகர்ந்த பிறகு அளந்துகொள்ளலாம். இரண்டு முறை அளந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும்.

இடுப்புக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சு விட்ட நிலையில் படியுங்கள். பாவாடை நாடா கட்டும் இடம் இதற்குச் சரிவராது, அது ஆளுக்கு ஆள் மாறும்.

அளக்கும்போது கூட்டம் வேண்டாம். எல்லார் எதிரிலும் எடையைச் சத்தமாகப் படித்தால் பிள்ளை அடுத்த மாதம் வராது. கண்பட்டுவிடும் என்று அப்பாயியும் அனுப்ப மாட்டார். அளவை ஒரு நோட்டில் எழுதி மடித்து அம்மாவிடம் கொடுத்தால் போதும்.

கணக்கு

எடையை, மீட்டரில் எழுதிய உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். பத்து வயதுப் பெண், உயரம் 132 செ.மீ., எடை 38 கிலோ என்று வையுங்கள். 38-ஐ 1.32-ஆல் வகுத்தால் 28.79. அதை மீண்டும் 1.32-ஆல் வகுத்தால் 21.8. இதுதான் பி.எம்.ஐ., உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். உயரத்தைத் தவறாக 130 என்று எழுதியிருந்தால் 22.5 வந்திருக்கும். இரண்டு சென்டிமீட்டர் பிசகில் பிள்ளை உடற்பருமன் கோட்டின் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

பெரியவர்களுக்குச் சொல்லும் 25, 30 எல்லாம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதுக்கும் ஆண், பெண்ணுக்கும் கோடு மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் முதல் எண்ணைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடற்பருமன்:

6 வயது: ஆண் 16.8, 18.5, பெண் 17.0, 19.2
8 வயது: ஆண் 17.4, 19.7; பெண் 17.7, 20.6
10 வயது: ஆண் 18.5, 21.4; பெண் 19.0, 22.6
12 வயது: ஆண் 19.9, 23.6, பெண் 20.8, 25.0
14 வயது: ஆண் 21.8, 25.9; பெண் 22.7, 27.3

நம் பெண்ணின் 21.8, முதல் கோட்டைத் தாண்டி இரண்டாவதற்குக் கீழே நிற்கிறது. அதிக எடை. இடுப்புக்கு அட்டவணையே தேவையில்லை, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 132 செ.மீ. உயரத்துக்கு 66 செ.மீ. இவளுக்கு 72 இருந்தால், கொழுப்பு வயிற்றில் சேர்கிறது என்று அர்த்தம். கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைக்கும் இடுப்பு பாதியைத் தாண்டியிருந்தால் கீழே உள்ளதைச் செய்யத் தொடங்கலாம்.

ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு அட்டவணை இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரிடம் உயரத்துக்கேற்ற எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

பூப்படைவதற்கு முன் ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளரும். அதே பெண் 38 கிலோவிலேயே நின்று, ஓராண்டில் 138 செ.மீ. ஆனால் பி.எம்.ஐ. 20.0. பதினோரு வயதுக்கான முதல் கோடு 19.9. ஒரு கிராம்கூடக் குறையாமல் கோட்டைத் தொட்டுவிடுகிறாள். ஒரு கிலோ ஏறினாலும் 20.5-தான் ஆகும், தோல்வி என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது கோட்டைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் முதல் மூன்று மாத இலக்கு இதுவேதான். எடையைக் குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மாதம் ஒருமுறை அளந்தால் போதும். தினமும் தராசில் ஏற்றினால் நேற்று குடித்த தண்ணீரையும் சேர்த்துப் பார்த்துப் பதறுவீர்கள்.

மாலை நான்கு முதல் எட்டு வரை

காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். இந்தச் சந்துகளில் எடை ஏறும் நேரம் மாலைதான். பள்ளி விட்டுப் பசியோடு வரும் பிள்ளை, பூட்டிய வீடு அல்லது அப்பாயி மட்டும் இருக்கும் வீடு, கையில் பத்து ரூபாய், பக்கத்தில் கடை. அம்மா வரும் வரை நான்கு மணி நேரம். அதற்குள் ஒரு பாக்கெட் வறுவல், ஒரு கலர், டீயோடு இரண்டு வறுக்கி போய்விடும். இரவு எட்டரைக்கு அம்மா வந்து அள்ளிப் போடும் சோறு இதற்கு மேல். அந்தச் சோற்றைக் குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

உருளைக்கிழங்கு வறுவல் 100 கிராமில் ஏறத்தாழ 540 கலோரி இருக்கிறது. கலர், கோலா வகைகளில் 100 மி.லி.க்கு 10, 11 கிராம் சர்க்கரை. கால் லிட்டர் பாட்டிலில் 26 கிராம் அளவு, அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளில் சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் சொல்கிறது. ஒரே பாட்டிலில் அது முடிந்துவிடுகிறது.

மாற்று, பள்ளி விட்டு வந்த பத்து நிமிடத்துக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைதான் ஜெயிக்கும். ஆகவே காலையிலேயே ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

சம்படத்தில் என்ன? ஒரு பிள்ளைக்கு 30 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை, காராமணி அல்லது பச்சைப்பயறு. பெரியவர் கையில் ஒரு பிடி. கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் மூன்று ரூபாய் ஆகும். கொண்டைக்கடலையும் காராமணியும் இரவே ஊற வேண்டும். காலையில் உலை வைக்கும்போதே குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்துவிடலாம். தாளிக்க அரைத் தேக்கரண்டி எண்ணெய்க்கு மேல் வேண்டாம். வெந்ததைத் தண்ணீர் வடித்து, முழுக்க ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து மாலைக்குள் ஊசிப்போகும். தேங்காய்த் துருவலைக் காலையில் சேர்த்தாலும் அப்படியே. சித்திரை, வைகாசியில் ஈரச் சுண்டலையே வைக்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் வறுத்த கடலை, பொரியுடன் பொட்டுக்கடலை, ஒரு கொய்யா என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே வயலில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவார்கள், நெல் தரிசுப் பயறு. பங்குனி வாக்கில் அது வீட்டுக்கு வரும். கிராமத்தில் சொந்தம் இருந்தால் அப்போது ஐந்து கிலோ வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டுக் கட்டி வைத்தால் பல மாதங்களுக்கு ஆகும். முளைகட்டுவதென்றால் எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். கோடையில் பத்து மணி நேரத்துக்கு மேல் வைத்தால் பிசுபிசுத்து நாற்றம் எடுக்கும். அதைக் கொட்டிவிடுங்கள், கழுவிக் கொடுக்காதீர்கள்.

அவித்த முட்டை ஒன்றில் 70 கலோரிக்கு மேல் பெரிதாக இல்லை, 6 கிராம் புரதம் இருக்கிறது. பள்ளியில் முட்டை கிடைக்காத நாளில் மாலைக்கு அதுவே போதும். தையில் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, ஆண்டு முழுக்க வாழைப்பழம். பூவனோ கற்பூரவள்ளியோ ஒன்று.

கைக்காசை ஒரேயடியாக நிறுத்துவது பலிக்காது. தோழிகள் எல்லாம் கடையில் நிற்கும்போது உங்கள் பிள்ளை மட்டும் ஒதுங்கி நின்றால், பத்து ரூபாய் வேறு வழியில் வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் கடை, மற்ற ஐந்து நாள் சம்படம் என்று வையுங்கள். எந்த இரண்டு நாள் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். கடை நாளிலும் ஒரே ஒரு விதி: பாக்கெட் வாங்கினால் கலர் இல்லை, கலர் வாங்கினால் பாக்கெட் இல்லை.

அப்பாயியை எதிர்த்துக்கொண்டு இதில் எதுவும் நடக்காது. அவர் காசு கொடுப்பது பாசத்தில். பேரப்பிள்ளை பசியென்று நின்றால் மனசு கேட்காது. "காசு கொடுத்துக் கெடுக்காதீங்க" என்றால் சண்டைதான் வரும். "அப்பாயி, புள்ள நாலரைக்கு வரும். நீங்க கையால சுண்டல எடுத்துக் குடுத்துட்டு, வெங்காயம் கொஞ்சம் அரிஞ்சு போடுங்க. உங்க கையில குடுத்தா திங்கிறா" என்று சொல்லிப் பாருங்கள். கொடுக்கும் உரிமை அவரிடமே இருக்கிறது, கொடுக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது.

ஒரு வீடு மட்டும் மாறினால் இரண்டு வாரம் தாங்காது. ஒரே சந்தில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் தாங்கும். மகளிர் குழு இருந்தால் இன்னும் சுலபம். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வீடு, நாளுக்கு ஒரு வீட்டில் சுண்டல். எட்டுப் பிள்ளைகளுக்கு கால் கிலோ கடலை போதும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் ஒரு அத்தையோ அப்பாயியோ பங்கிட்டுக் கொடுக்கலாம். எண்ணெயும் உப்பும் வீட்டுக்கு வீடு மாறும், முதல் வாரமே பேசி ஒரே அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடமும் பேசலாம். அவித்த வேர்க்கடலைப் பொட்டலமும் கொய்யாவும் முன்வரிசையில் இருந்தால் விற்கத்தான் செய்யும். 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது. விதி இருப்பது பல தலைமை ஆசிரியர்களுக்கே நினைவில் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய விஷயம் அது.

சர்க்கரையும் எண்ணெயும் மாதக் கணக்கில்

தினமும் தேக்கரண்டியை எண்ணிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. மாத மளிகைச் சீட்டைப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 4 கிலோ சர்க்கரை செலவானால் ஆளுக்கு ஒரு நாளில் 33 கிராம். 2 கிலோ என்றால் 17 கிராம் சுமார். கடைப் பண்டத்தில் வருவது தனி என்பதால் 2 கிலோவை இலக்காக வையுங்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் டீயை யாரும் குடிக்க மாட்டார்கள். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். நிறம் மாறுவதால் கலோரி மாறாது.

பாலில் கலக்கும் சத்துமாவுப் பவுடர்களைத் திருப்பிப் பாருங்கள். சத்து அட்டவணையில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்று 100 கிராமுக்கு எவ்வளவு என்பது இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். நாலு கிராம் ஒரு சிறு தேக்கரண்டி. இவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. மாதம் அதற்குப் போகும் பணத்தில் முட்டை வாங்கலாம்.

எண்ணெய் நான்கு பேருக்கு மாதம் 2 லிட்டர் போதும். ரேஷன் பாமாயிலும் அதற்குள் அடங்க வேண்டும். மாத ஆரம்பத்திலேயே நான்கு அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றி, வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். மூன்றாம் வாரப் பாட்டில் இரண்டாம் வாரமே திறந்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அப்பளம், வடகம், பொரியலுக்கு ஊற்றும் தாராளம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது.

பள்ளிச் சாப்பாடும் வீட்டுத் தட்டும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுக்க விரிவானது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காய்கறி சாம்பாரோடு கிடைக்கிறது. எடை கூடிய பிள்ளைக்கு இதை நிறுத்த வேண்டியதில்லை. தப்பு நடப்பது வேறிடத்தில். வீட்டில் நான்கு இட்லி தின்றுவிட்டுப் போய், அங்கேயும் ஒரு தட்டு கிச்சடி. பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்கு வீட்டில் சர்க்கரை இல்லாத பால் ஒரு டம்ளர் மட்டும் கொடுங்கள், அல்லது வீட்டில் சாப்பிட்டால் அங்கே வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மதிய உணவும் அப்படித்தான். முட்டையை விடவே கூடாது. கூடவே வீட்டிலிருந்து வறுவல் டப்பா அனுப்பாதீர்கள்.

இரவுத் தட்டு எட்டு முதல் பத்து வயதுக்கு இப்படி இருக்கலாம்: 200 மி.லி. டம்ளரால் ஒன்றரை டம்ளர் சோறு, ஒரு டம்ளர் கெட்டியான பருப்போ கீரைக் கூட்டோ, அரை டம்ளர் பொரியல், இருந்தால் ஒரு துண்டு மீன். நாகப்பட்டினம் பக்கத்து மத்தியும் நெத்திலியும் விலை உயர்ந்த வஞ்சிரத்தைவிடச் சத்தில் எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. குழம்பில் போடுங்கள், பொரிக்காதீர்கள். வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை மூன்றும் டெல்டாவில் மலிவாகக் கிடைக்கும் காய்கள். அரிவதற்கு நேரமில்லை என்பதால்தான் ஒதுக்கப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அரிந்து மோரில் போட்டு வைப்பது ஒரு நாளைக்குத்தான் தாங்கும், வாரம் முழுக்கத் தாங்காது.

"இன்னும் வேணும்" என்றால் மறுக்காதீர்கள். முதலில் கூட்டையும் பொரியலையும் மறுபடி போடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் பசி என்றால் சோறு போடலாம். தட்டில் இருப்பதை மிச்சமில்லாமல் வழித்துத் தின்ன வேண்டும் என்று அடம்பிடிப்பதை விட்டுவிடுங்கள். குறைவாகப் போட்டால் அந்தப் பிரச்சினையே வராது. குண்டான பிள்ளைக்குத் தனிச் சமையல், தம்பிக்கு வேறு என்று பிரிக்கவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. தம்பிக்கு எடை குறைவு என்றால் அவன் தட்டில் ஒரு முட்டையும் ஒரு கரண்டி பருப்பும் கூடட்டும், சர்க்கரை கூட வேண்டாம்.

சனிக்கிழமை அப்பா வாங்கிவரும் ஃப்ரைடு ரைஸ் பார்சலை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பார்சலை மூன்று தட்டாகப் பிரித்து, வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோட்டா ஒன்றே 250 முதல் 300 கலோரி வரை வரும். பிள்ளைக்கு ஒன்று, அதோடு நிறுத்தம்.

சப்பாத்திக்கு மாறினால் இளைக்கும் என்பது நகரம் முழுக்க ஓடும் நம்பிக்கை. எண்ணெய் ஊற்றிச் சுட்ட மூன்று சப்பாத்தியும் ஒன்றரை டம்ளர் சோறும் ஏறத்தாழ ஒன்றுதான். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. புரதமும் நாரும் உள்ள பயறு என்பதால் பசியைத் தாங்கும். சுண்டலாகவோ ரசமாகவோ கொடுங்கள்.

ஓட்டமும் தூக்கமும்

5 முதல் 17 வயது வரை நாளுக்கு சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் தேவையில்லை. பள்ளிக்கு நடந்து போக 15, திரும்ப 15, மாலையில் 30. ஷேர் ஆட்டோவில் போகும் பிள்ளை முதல் முப்பதை இழக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரியவர் நடத்திக் கூட்டிப் போகலாம்.

இடம் இல்லை என்பது உண்மைதான். பாண்டிக்கு ஆறடிக்கு நான்கடி தரை போதும். கிளித்தட்டுக்குக் கோயில் திடலோ வாரக்கடைசியில் காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானமோ வேண்டும். வாரியக் குடியிருப்பில் மொட்டை மாடியென்றால் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கிப்பிங் கயிறு நல்லது. ஆனால் எடை கூடிய பிள்ளையை முதல் நாளே நூறு குதிக்கச் சொன்னால் முட்டி வலித்து, மறுநாள் வராது. இரண்டு வாரம் நடை, அதன் பிறகு 20 குதி, இடையில் ஓய்வு. ஓட்டப் போட்டியில் கடைசியாக வருவதை எந்தப் பிள்ளையும் விரும்பாது. கயிறு இழுத்தல், பந்து எறிதல் என்று பலம் உதவும் விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்ததும் பிள்ளைகள் குதிக்க ஓடும். நீச்சல் நல்ல உடற்பயிற்சிதான். கல்லணைக் கால்வாயும் வெண்ணாறும் முறை வைத்துத் திறக்கும் நாளில் ஒரே இரவில் மட்டம் ஏறிவிடும். நீந்தத் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் விடாதீர்கள்.

பெண்பிள்ளைகள் பூப்படைந்ததும் விளையாட்டு சட்டென்று நின்றுபோகிறது. சடங்கு நாள்களில் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் ஒரு பக்கம், வீட்டுக்குள்ளேயே இருப்பது இன்னொரு பக்கம். உளுத்தங்களி சில நாள் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளில் அசைவே இல்லாமல் போவதில்தான் எடை ஏறுகிறது. நான்கு பெண்கள் சேர்ந்து மகாமகக் குளத்தைச் சுற்றி அம்மாக்களோடு நடப்பதை எந்த வீடும் தடுப்பதில்லை.

6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், அதற்கு மேல் 18 வரை 8 மணி நேரம். ஒரே அறை வீட்டில் பெரியவர்கள் பதினொன்று வரை டிவி பார்த்தால் பிள்ளையும் விழித்திருக்கும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் குறையும். ஒன்பதரைக்கு விளக்கணைக்க முடியாவிட்டால் சத்தத்தையாவது குறையுங்கள். பிள்ளையின் பாயை டிவிக்கு முதுகு காட்டிப் போடுங்கள். சாப்பிடும்போது கையில் செல்போன் இருந்தால் எவ்வளவு தின்றோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது.

கெடுத்துவிடுபவை

இரவுச் சாப்பாட்டை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. பிள்ளை மறுநாள் கடையில் இரண்டு மடங்காகத் தின்கிறது. வளர்ச்சியும் தடைப்படும். வெந்நீரில் தேன், எலுமிச்சை என்பதும், எடை குறைக்கும் பவுடர், பெல்ட் என்பதும் வீண் செலவு. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை குண்டாக்கும் என்று நிறுத்துகிறார்கள். 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு, 10 முதல் 19-க்கு நீலம், வாரம் ஒன்று. எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எடை கூடிய பிள்ளைக்கும் இரத்தச்சோகை இருக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

"குண்டு", "பூசணி" என்ற பட்டப்பெயர்களை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, செல்லமாகக்கூட. கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஒளித்துத் தின்னும், விளையாட்டுக்குப் போகாது. எடை இன்னும் ஏறும்.

எப்போது மருத்துவமனைக்கு?

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, தேய்த்துப் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். எடை கூடியும் உயரம் வளராமல் நிற்கும் பிள்ளைக்குத் தைராய்டு போன்ற காரணம் இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்றுபோவது, அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும், எட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கோ ஒன்பதுக்கு முன் ஆணுக்கோ பூப்பின் அறிகுறி, தலைவலியோடு பார்வை மங்குவது, ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிய அடங்காத பசியும் பருமனும், எல்லாம் உடனே காட்ட வேண்டியவை. இடுப்பிலோ முட்டியிலோ வலி வந்து நொண்டி நடந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எடை கூடிய பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பின் தலைப்பகுதி நழுவுவது உண்டு.

பத்து வயதுக்கு மேல் இரண்டாவது கோட்டைத் தாண்டியிருந்தால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் சோதனை ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பரிந்துரைச் சீட்டு எழுதித் தரும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாங்கலாம். அங்கிருந்து தஞ்சாவூர் என்றால் ராசா மிராசுதார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு, திருச்சி என்றால் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி. மாதா மாதம் எழுதிய உயர, எடை நோட்டு, பிள்ளை சாப்பிடும் மாத்திரைகள் (சில வலிப்பு மருந்துகளும் ஸ்டீராய்டும் எடையைக் கூட்டும்), பிறந்தபோது இருந்த எடை எழுதிய தாய் சேய் அட்டை, மூன்றையும் எடுத்துப் போங்கள். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொல்வார்கள், சம்படத்தில் சுண்டலோ இட்லியோ கையில் இருக்கட்டும். ஊசி போட்டு வெளியே வந்ததும் மருத்துவமனை வாசல் கடைக்குத்தான் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்.